பறக்கும் வாத்துகளைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

நீர்ப்பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கி ஓரிரு வலசைப் பருவங்களைக் கடந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: கையிலிருக்கும் 70-300 மி.மீ. லென்ஸ் போதவில்லை, அடுத்து எதை வாங்குவது? இன்று கிடைப்பவற்றைப் பார்த்தால் வழி மூன்றாகப் பிரிகிறது. 600 மி.மீ. எஃப்/4 என்னும் பெரிய பிரைம் லென்ஸ், அதாவது குவியத் தொலைவு மாறாத லென்ஸ், ஒன்று (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்). 200-600, 180-600, 150-600 போன்ற நீள ஜூம்கள் இன்னொன்று. 400 எஃப்/5.6, 500 எஃப்/5.6, 600 எஃப்/6.3 என, ஒளியில் சற்று விட்டுக்கொடுத்து எடையைக் குறைத்த பிரைம்கள் மூன்றாவது. கரையில் அசையாமல் நிற்கும் நாரையை எடுக்க இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், பணமும் தோளும் இடம்கொடுக்குமானால் 600 எஃப்/4 என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பறக்கும் காட்டு வாத்து என்று வரும்போது அந்த விடை தானாகச் செல்லுபடியாவதில்லை. இங்கே லென்ஸ் எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டுகிறது என்பதைவிட, பறவையை எத்தனை நொடிகள் பிரேமுக்குள் வைத்திருக்க முடிகிறது என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது.

வாத்தின் உடல் கனமானது, சிறகு குறுகலானது. அந்த எடையைக் காற்றில் நிறுத்த அது ஓயாமல் சிறகடித்தாக வேண்டும்; பருந்தைப் போல வட்டமிட்டோ கூழைக்கடாவைப் போல மிதந்தோ நமக்கு நேரம் தராது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்றவை மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் இயல்பாகப் பறக்கின்றன. நடுவாக 72 கிலோமீட்டர் என்று கொண்டால் நொடிக்கு 20 மீட்டர். 50 மீட்டர் தொலைவில் குறுக்கே கடக்கும் வாத்தைப் பின்தொடர, லென்ஸை நொடிக்கு ஏறத்தாழ 23 பாகை சீராகத் திருப்பவேண்டும். நேராக நம்மை நோக்கி வரும் வாத்தோ அரை நொடியில் 50 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு வந்துவிடும். திருப்பும் வேலை குறைந்து, ஃபோகஸ் மோட்டாரின் வேலை கூடும்.

இதோடு பிரேமின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், தொலைவை 36-ஆல் பெருக்கி லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் அந்த இடத்தில் பிரேம் எத்தனை அகலத்தைக் காட்டும் என்று தெரிந்துவிடும். 50 மீட்டரில் 600 மி.மீ. காட்டுவது 3 மீட்டர், 500 மி.மீ. 3.6 மீட்டர்; 400 மி.மீ. 4.5 மீட்டர். சிறகு விரித்தால் சுமார் 60 செ.மீ. வரும் நீலச்சிறகி 600-இல் பிரேமின் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும், 400-இல் ஏழில் ஒரு பங்கு கூடத் தேறாது. இதை மட்டும் பார்த்தால் 600 வென்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் 3 மீட்டர் அகலப் பிரேமை நொடிக்கு 20 மீட்டர் போகும் பறவை 0.15 நொடியில் கடந்துவிடுகிறது. கை ஒரு கணம் பின்தங்கினால் வியூஃபைண்டரில் வெறும் வானம்தான் இருக்கும். திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் கூட்டம் போய்விடும். 45 மெகாபிக்சல் கேமராவில் 400-ஐக் கொண்டு எடுத்த அந்த நீலச்சிறகி, குறுக்களவில் ஏறத்தாழ 1,100 பிக்சல் இருக்கும். இணையத்தில் பகிரவும் சிறிய அளவில் அச்சிடவும் அது போதும். பிரேமின் நடுவில் கூர்மையாக விழுந்த சிறிய வாத்தை வெட்டிப் பெரிதாக்கலாம், சிறகு வெட்டுப்பட்ட பெரிய வாத்தை ஒன்றும் செய்ய இயலாது.

இனி 600 எஃப்/4. சோனியின் 2019 வெளியீடு 3,040 கிராம், கேனானின் ஆர்எஃப் வடிவம் 3,090 கிராம், குவியத் தொலைவை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டரை உள்ளேயே கொண்ட நிக்கானின் 2022 வெளியீடு 3,260 கிராம். கேமராவோடு சேர்த்தால் நான்கு கிலோ. விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால் பலரும் பழைய லென்ஸைத் தேடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய தலைமுறை லென்ஸ்கள் எடை குறைக்கப்படுவதற்கு முந்தியவை. கேனானின் முதல் ஐஎஸ் (நடுக்கக் குறைப்பு) வடிவம் 5,360 கிராம், அடுத்தது 3,920, மூன்றாவதுதான் 3,050. ஐந்தரைக் கிலோ லென்ஸைக் கையில் தூக்கி வாத்தைத் துரத்துவது நடக்காது. அதற்குக் கிம்பல் ஹெட் (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கி எப்பக்கமும் திருப்ப உதவும் தலை) பொருத்திய டிரைபாடு வேண்டும். டிரைபாடு வந்தால் நிற்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பது போய், டிரைபாடு நிற்கக்கூடிய இடமே நமக்கு இடமாகிவிடும்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலையின் ஓரத்திலிருந்துதான் பலர் படமெடுக்கிறார்கள். பேருந்தோ லாரியோ கடக்கும்போதெல்லாம் நடைபாதையின் அதிர்வு டிரைபாடின் கால் வழியாக ஏறி, 600 மி.மீ. வியூஃபைண்டரில் நடுக்கமாகத் தெரியும். தலைக்கு நேர் மேலே கூட்டம் கடந்தால் கிம்பலில் கட்டிய லென்ஸின் பின்னால் குனிந்து முதுகை வளைக்கவேண்டியிருக்கும், அதற்குள் கூட்டம் சாலையைத் தாண்டி மறுபுறம் போய்விடும். பழவேற்காட்டில் படகில் போகிறவருக்கு டிரைபாடு என்ற பேச்சே கிடையாது. ஒற்றைக்கால் மோனோபாடு எடையைத் தாங்கும், ஆனால் மேலும் கீழுமான அசைவைக் கட்டிப்போடும். வாத்து எழும்பும் கணத்தில் நமக்கு வேண்டியது அந்த அசைவுதான்.

நீரின் மேற்பரப்பில் மேயும் வாத்துகளான ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவை நீரிலிருந்து ஏறக்குறைய நேர்க்குத்தாகத் துள்ளி எழும். முங்கி இரைதேடும் வாத்துகளும் நாமக்கோழியும் நீர்மேல் கால் பதித்து ஓடி, வேகம் கூட்டிய பிறகே மேலேறும். ஓடி எழும் பறவையை நீள லென்ஸில் பின்தொடர்வது ஓரளவு எளிது, ஏனென்றால் போகும் திசை முன்பே தெரிந்துவிடுகிறது. துள்ளி எழும் வாத்துக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. பிரேமின் உயரம் 600 மி.மீ.யில் 50 மீட்டருக்கு இரண்டே மீட்டர். முதல் துள்ளலிலேயே பறவை மேல் விளிம்பைத் தொட்டுவிடும். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கலாம் என்பார்கள். எழுந்தவுடன் அது பக்கவாட்டில் திரும்பும்போது அந்த உபாயமும் கைவிட்டுவிடும்.

நீள ஜூம்களின் பலம் இங்கேதான் தெரிகிறது. ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் பலம் அல்ல. பறந்துகொண்டிருக்கும் வாத்தைப் பின்தொடர்ந்தபடியே ஜூம் வளையத்தைத் திருப்பிப் பிரேமைச் சரிசெய்வது விளம்பரங்களில் அழகாக இருக்கும். களத்தில் இடது கை லென்ஸைத் தாங்குவதோடு சரி. ஜூமின் உண்மையான பயன், பறவையை அகலமான பிரேமில் பிடித்துக்கொண்டு பிறகு நெருங்குவதும், கூட்டத்தின் அகலத்துக்கேற்ப முன்கூட்டியே 350-இலோ 400-இலோ நிறுத்திவைப்பதும் ஆகும். வாத்து தனியாகப் பறப்பது குறைவு. ஐந்தாறு வாத்துகள் சேர்ந்து 5 மீட்டர் அகலத்துக்குப் பரவி வந்தால் 50 மீட்டரில் 360 மி.மீ.க்கு மேல் அவை பிரேமுக்குள் அடங்கா. 600 பிரைம் வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பறவையை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கவேண்டும், ஓரத்தில் பக்கத்து வாத்தின் பாதிச் சிறகு எட்டிப்பார்க்கும்.

ஜூம்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு, அதைக் கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. சோனி 200-600 (2,115 கிராம்), நிக்கான் இசட் 180-600 (1,955 கிராம்) இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் வகை; இரண்டின் எடையும் டிரைபாடு வளையம் இல்லாமல் சொன்னது. திருப்பினாலும் நீளம் மாறாது, கனத்தின் மையம் பெரிதாக நகராது. நிக்கானில் 180-இலிருந்து 600-க்குச் செல்ல ஏறத்தாழ 70 பாகை திருப்பம் போதும். மணிக்கட்டை மாற்றிப் பிடிக்காமலே முடியும். சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் வெளியே நீளும் வகை. 600-க்கு இழுத்ததும் முன்பக்கம் கனத்து இடது தோளை இழுக்கும். சிக்மாவில் ஹூடைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி ஜூம் செய்யும் வசதி இருப்பது, பழகியவர்களுக்கு அந்தக் குறையில் பாதியைத் தீர்த்துவைக்கும். கேனானின் ஆர்எஃப் 100-500 டிரைபாடு வளையம் இல்லாமல் 1,370 கிராம்தான், கையில் ஏந்தினால் பிரைம் போலவே சுழலும். 500-இல் அபெர்ச்சர் எஃப்/7.1 என்பதை மட்டும் மனத்தில் கொள்ளவேண்டும். அதே நிறுவனத்தின் 200-800, 800-இல் எஃப்/9 ஆகிறது. கூந்தன்குளத்தில் எட்டத்தில் அமர்ந்திருக்கும் வரித்தலை வாத்துகளை எடுக்க அந்த நீளம் உதவும். பறக்கும் வாத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், 50 மீட்டரில் இரண்டேகால் மீட்டர் அகலப் பிரேமை வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவது பொழுதை வீணாக்குவதே.

மூன்றாவது வழியான இலேசான பிரைம்களில் மூத்தது கேனான் இஎஃப் 400 எஃப்/5.6. 1993-இல் வந்தது, 1,250 கிராம், நடுக்கக் குறைப்பு கிடையாது. அந்தக் குறையைச் சொல்லியே பலர் அதை ஒதுக்குகிறார்கள். சிறகை உறைய வைக்க 1/2000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகத்தில்தான் எப்படியும் எடுக்கப்போகிறோம். அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் விழாது. நிலைப்படுத்தல் உதவுவது வியூஃபைண்டரில் தெரியும் பிம்பத்தை அமைதிப்படுத்துவதற்கே, அதையும் இன்றைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் பல சென்சார் வழியாகச் செய்துவிடுகின்றன. இந்த லென்ஸைப் பயன்படுத்திய பொருளின் விலைக்கு, அடாப்டரோடு வாங்குவது, வாத்துகளுக்காக மட்டும் என்றால், இன்றும் புத்திசாலித்தனமான செலவு. முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அதன் பார்வைக் கோணம் 600-ஐ நெருங்கிவிடும். இலேசான லென்ஸில் நெருக்கமான பிரேம் வேண்டுபவருக்கு அது மலிவான வழி.

நிக்கானின் 500 எஃப்/5.6 பிஎஃப் 2018-இல் வந்தபோது கையில் ஏந்தும் பறவைப் படங்களின் போக்கையே மாற்றியது. பேஸ் ஃப்ரெனல் (பிஎஃப்) என்னும், லென்ஸைச் சுருக்கி இலேசாக்கும் கண்ணாடியால் 1,460 கிராமுக்குள் 500 மி.மீ. அடங்கிவிட்டது. 2023-இல் வந்த இசட் 600 எஃப்/6.3 அதே முறையில் டிரைபாடு வளையம் இல்லாமல் 1,390 கிராம் மட்டுமே. இந்தக் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு: பிரேமுக்குள்ளோ அதன் அருகிலோ வலுவான ஒளி இருந்தால் அதைச் சுற்றி நிற வளையம் போன்ற ஒளிச்சிதறல் தோன்றக்கூடும். சூரியனைப் பின்னால் வைத்து, உதய ஒளியில் நிழலுருவாக வாத்துகளை எடுக்க விரும்புபவர் இதை அறிந்தே வாங்கவேண்டும். மற்றவர்களுக்கு அது ஆண்டில் ஓரிரு படங்களோடு முடிந்துபோகும் தொல்லை.

ஒளியைப் பற்றிய கணக்கைப் பார்த்தால் 600 எஃப்/4-இன் பக்கம் நியாயம் இருக்கிறது. எஃப்/4-க்கும் எஃப்/6.3-க்கும் இடையே ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு). தை மாதத்தில் சென்னையில் ஆறரையை ஒட்டிச் சூரியன் எழுந்த சற்று நேரத்தில், எஃப்/4-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600 போதுமான இடத்தில் எஃப்/6.3-க்கு 4000 வேண்டும். முன்பு இது பெரிய இடைவெளி. கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் காலத்தில் பல கேமராக்கள் எஃப்/5.6-க்கு மேல் ஆட்டோஃபோகஸில் தடுமாறும் அல்லது நடுப்புள்ளியை மட்டும் நம்பும். மிரர்லெஸ் வந்தபின் எஃப்/6.3-இலும் பிரேமின் ஓரம் வரை பறவையின் கண்ணைக் கேமரா தேடிப் பிடிக்கிறது, ஐஎஸ்ஓ 4000-இன் மணல்போன்ற இரைச்சலை மென்பொருள் பெருமளவு துடைத்துவிடுகிறது. எஃப்/4-க்காகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு முன்பு எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தேவை இப்போது சுருங்கிவிட்டது.

சுருங்காமல் நிற்பது பின்னணி. பள்ளிக்கரணையில் வாத்துக்குப் பின்னால் வானம் மட்டும் இருப்பதில்லை. அடுக்குமாடிகளும் மின்கம்பிகளும் கோரைப்புல்லும் இருக்கும். 50 மீட்டரில் பறக்கும் பறவைக்குத் தொலைவில் உள்ள கட்டடம் எவ்வளவு கரைந்து தெரியும் என்று கணக்கிட்டால், 600 எஃப்/4-இன் மங்கலில் 600 எஃப்/6.3 ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது, 500 எஃப்/5.6 பாதியைத் தருகிறது, 400 எஃப்/5.6 மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. 400-இல் எடுத்த வாத்தின் பின்னால் ஜன்னல்களை எண்ணலாம். அந்தி மயங்கும் வேளையில் மேய்ச்சலுக்குக் கிளம்பும் சீழ்க்கைச் சிறகிகளை எடுக்க விரும்புபவருக்கும் எஃப்/4 கொடுப்பதை வேறெதுவும் கொடுக்காது. அவை மற்ற வாத்துகளைவிட மெதுவாக, அகன்று உருண்ட சிறகை அடித்துக்கொண்டு, கால்களை வாலுக்குப் பின்னே நீட்டியபடி சீழ்க்கையொலியோடு வரும். அவ்வளவு பெரிய லென்ஸிலும் துரத்திப் பிடிக்க முடிகிற வாத்து அது.

குள்ளத்தாரா அதற்கு நேர் எதிர். நம் வாத்துகளில் மிகச் சிறியது, நீரை ஒட்டித் தாழ்வாக விரையும், ஆணின் சிறகிலுள்ள வெள்ளைப் பட்டை மின்னி மறைவதற்குள் கோரைக்குள் இறங்கிவிடும். பெரிய லென்ஸைக் கிம்பலில் பூட்டிவைத்திருப்பவர் கைப்பிடியைத் தளர்த்துவதற்குள் அது முடிந்துபோன காட்சி. இங்கே ஒன்றரைக் கிலோ லென்ஸுக்கு நிகரில்லை.

காற்றும் வெயிலும் இந்தத் தேர்வில் தலையிடும். வாத்துகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செல்லும். காற்று நம் முதுகில் பட்டால் பறவை நம்மை நோக்கி வரும், முகத்தில் பட்டால் எழும் பறவையின் வாலைத்தான் எடுப்போம். ரேடியல் சாலை கிழக்கு மேற்காக ஓடுவதால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வடக்கே பார்த்து நின்றால் தை மாதக் காலை வெயில் வலது தோளுக்குப் பின்னாலிருந்து விழுந்து சிறகின் நிறத்தை, நீலச்சிறகியின் சாம்பல் நீல முன்சிறகை, தட்டைவாயனின் பச்சைப் பட்டையை, அப்படியே காட்டும். ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வீசும் காலைகளில் எழும் பறவைகள் விலகிப்போகும். தெற்கே பார்த்து நின்றால் பறவைகள் நம் பக்கம் வரும், வெயில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து முகம் இருண்டுவிடும். விலகிப்போகும் பறவைக்கு நீளம் தேவை, நெருங்கி வரும் பறவைக்கு அகலம் தேவை. ஒரே இடத்தில் ஒரே காலையில் இரண்டும் நடப்பதால், லென்ஸ் ஒன்றுதான் என்றால் ஜூமைத் தட்டிக்கழிக்க முடியாது.

கானலை எந்த லென்ஸும் வெல்லாது. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகிவிட்டால், பள்ளிக்கரணையின் திறந்த நீரிலானாலும் கோடியக்கரையின் உப்பளங்களிலானாலும், 80 மீட்டருக்கு அப்பாலுள்ள வாத்தின் விளிம்பு நெளியத் தொடங்கும். விலை கூடிய லென்ஸ் அந்த நெளிவை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். தூரத்துப் பறவைக்காக அதிக நீளத்துக்குப் பணம் கொடுக்கும் முன் இதை எண்ணிப்பார்க்கவேண்டும். தூரத்தைக் குறைக்கப் பறவைகளைக் கிளப்பிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தேவையற்ற வேலை அது. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைமேல் தாழப் பறந்தாலே முழுக் கூட்டமும் எழுந்து வட்டமடித்துத் திரும்ப இறங்கும். அந்த வட்டத்தில் கிடைக்கும் படங்கள் விரட்டி எடுத்த படங்களைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் விரட்டப்பட்ட வாத்து முதுகைத்தான் காட்டும்.

கேமராவைப் பற்றி ஒரு சொல். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் கீழிறங்கும் சிறகு வளைந்து பதிவாகும். அத்தகைய கேமரா வைத்திருப்பவர் மெக்கானிக்கல் ஷட்டரில் எடுப்பது நல்லது. லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தொலைவைக் கட்டுப்படுத்தும் பொத்தான்) இருந்தால் அருகிலுள்ளதை விலக்கும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். சோனி 200-600-இல் 10 மீட்டர் முதல், கேனான் 400-இல் 8.5 மீட்டர் முதல், நிக்கான் 180-600-இல் 6 மீட்டர் முதல். முன்னாலுள்ள கோரைத் தண்டில் ஃபோகஸ் போய் மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் இழக்கும் நேரம் இந்த ஒரு பொத்தானால் மிச்சமாகும்.

என் முடிவைச் சொல்லவேண்டுமானால், இருப்பது ஒரே லென்ஸ், வாத்தோடு மற்றப் பறவைகளையும் எடுக்கவேண்டும் என்பவர் உள்ளுக்குள் ஜூம் ஆகும் 200-600, 180-600 வகையை வாங்கலாம். கேனான்காரர் 100-500-ஐ எடுத்துக்கொண்டு எஃப்/7.1-ஐப் பொறுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு ஜூம் இருந்து, பறப்பனவற்றுக்கென்று இரண்டாவது லென்ஸ் தேடுபவர் 500 எஃப்/5.6 பிஎஃப் போன்ற இலேசான பிரைமுக்குப் போகட்டும். 600-ஐவிட 500-ஐ நான் விரும்புவதற்குக் காரணம் அந்தக் கூடுதல் 60 செ.மீ. அகலம், 50 மீட்டரில் அது ஒரு நீலச்சிறகியின் முழுச் சிறகு விரிப்பு. 600 எஃப்/4 வாங்க வசதி உள்ளவர், அந்தி வெளிச்சமும் பின்னணியும் தம் படங்களுக்கு உயிர் என்று உணர்ந்தவர், மூன்று கிலோவுக்குச் சற்று மேலுள்ள புதிய தலைமுறையை வாங்கட்டும். ஐந்து கிலோ பழைய லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் வாத்துக்கு உதவாது. எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, வாத்து கிடைக்காவிட்டாலும் வீட்டு மாடியிலிருந்து புறாக்களைப் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் இடது கை நடுங்காமல் லென்ஸைத் தாங்குகிறதா, கண்ணை வியூஃபைண்டரில் வைத்தவுடன் பறவை உள்ளே இருக்கிறதா என்ற இரண்டையும் அந்தப் புறாக்களே சொல்லிவிடும்.